ஈரத்தோலுக்கு ஒரு டிஃப்யூசர்: ஃபைல் அட்டையும் பேக்கிங் ஃபோமும்

தவளைப் படங்களில் என்னை விடாமல் தொல்லை செய்தது ஃபோகஸ் அல்ல, ஃபிளாஷ் வெளிச்சம். ஈரத்தோல் முழுக்க வெள்ளைப் புள்ளிகள், கண்ணுக்கு நடுவில் ஒரு பெரிய வெள்ளை ஓட்டை. இந்த மழைக்காலத்தில் அது ஒருவழியாகத் தீர்ந்தது. தீர்த்தது பழைய ஃபைல் அட்டையும், டிவி பெட்டிக்குள் சுற்றி வரும் வெள்ளை ஃபோமும். இரண்டையும் வைத்து டிஃப்யூசர், அதாவது ஃபிளாஷ் வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் ஒரு மூடி, செய்தேன். அளவுகளோடு எழுதி வைக்கிறேன். இதே லென்ஸ் வைத்திருப்பவர்கள் அப்படியே வெட்டிக்கொள்ளலாம், மற்றவர்கள் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

என்னிடம் இருப்பது கேனன் 200டி மார்க் 2, அதோடு 55-250 மி.மீ. எஸ்டிஎம் லென்ஸ். மிக அருகில் போய்ப் பெரிதாக எடுக்கும் தனி மேக்ரோ லென்ஸ் வாங்குமளவுக்குக் காசில்லை. அதனால் லென்ஸின் முன்னால் கிளிப் மாதிரி மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி, ரேநாக்ஸ் டிசிஆர்-250 வாங்கினேன். இது 8 டயாப்டர், அதாவது 125 மி.மீ. குவியத்தூரம். லென்ஸை 250-இல் வைத்து முடிவிலியில் ஃபோகஸ் செய்தால் 250-ஐ 125-ஆல் வகுத்து 2 மடங்கு பெரிதாக்கம் கிடைக்கும். சென்சாரின் அகலம் 22.3 மி.மீ. என்பதால் படத்துக்குள் வருவது 11 மி.மீ. அகலம் மட்டும். எறும்புக்கும் குதிக்கும் சிலந்திக்கும் அது சரி. மரத்தவளைக்கு அதில் கண் மட்டும்தான் அடங்கும். 70-க்கு இறக்கினால் 4 செ.மீ. வரும், முகத்துக்குப் போதும். 55-க்குப் போனால் மூலைகள் கறுத்துவிடுகின்றன.

எந்த ஜூமில் வைத்தாலும் ரேநாக்ஸுக்கும் பிராணிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு சாண்கூட இல்லை, பன்னிரண்டு செ.மீ. சொச்சம்தான். டிஃப்யூசரின் அளவுகள் எல்லாம் இந்தப் பன்னிரண்டை வைத்துத்தான் வந்தன.

ஃபிளாஷ் பற்றி ஒரு வார்த்தை. 200டி மார்க் 2-இன் மேலே ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடு முள் கிடையாது. நடு முள்ளை மட்டும் நம்பும் மலிவான மேனுவல் ஃபிளாஷ்கள் அதில் வெடிக்காது, அதாவது மின்னாது. வீட்டில் கிடந்த பழைய ஃபிளாஷ் அப்படித்தான் சும்மா உட்கார்ந்திருந்தது. அப்புறம் கேனனுக்கான டிடிஎல் ஃபிளாஷ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் 3,800 ரூபாய்க்கு வாங்கினேன். டிடிஎல் என்றால் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அளந்து கேமராவே ஃபிளாஷின் பவரை முடிவு செய்வது. அதை நான் பயன்படுத்துவதே இல்லை. ஈரத்தோலின் பளபளப்பைப் பார்த்து அது ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு கணக்குப் போடுகிறது. மேனுவலில் வைத்துவிட்டால் தூரம் மாறாதவரை வெளிச்சமும் மாறாது. ஷட்டர் 1/200 விநாடி, லென்ஸ் திறப்பு எஃப் 11, ஐஎஸ்ஓ 200. இவை நிரந்தரம், ஃபிளாஷின் பவர் மட்டும்தான் கூடும் குறையும்.

சோதனைக்குத் தவளையைத் தேடி இருட்டில் அலைய வேண்டாம். சைக்கிள் கடையில் பத்து ரூபாய்க்கு பால்ஸ், அதாவது பேரிங்கில் போடும் எஃகு குண்டுகள், வாங்கி அதில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதோடு தண்ணீரில் நனைத்த பன்னீர் திராட்சை ஒன்று. எஃகு குண்டில் டிஃப்யூசரின் முழு உருவமும் தெரியும்: எங்கே பிரகாசம், எங்கே மங்கல், விளிம்பு எப்படி முடிகிறது என்று எல்லாமே. திராட்சை ஈரத்தோலுக்குப் பதில். இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து ஒவ்வொரு வடிவத்தையும் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். தவளையின் கண்ணில் என்ன தெரியுமோ அதுவே குண்டிலும் தெரிகிறது. முதல் நாளிலேயே இதை ஆரம்பித்திருந்தால் பேட்டரி நிறைய மிச்சம்.

முதலில் ஃபிளாஷின் தலையில் வெள்ளை டிஷ்யூவை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். பலர் இதைச் சொல்வார்கள். குண்டில் பார்த்தால் முன்பு இருந்த அதே சின்னச் செவ்வகம், கொஞ்சம் மங்கலாக. வெளிச்சம் கிளம்பும் பரப்பு பெரிதாகவில்லை என்றால் மேலே எதை ஒட்டினாலும் பலனில்லை.

அடுத்து சிப்ஸ் டப்பா. உருளை டப்பாவின் அடியை வெட்டி ஃபிளாஷில் சொருகி, வாயில் பட்டர் பேப்பர் ஒட்டினால் வெளிச்சம் லென்ஸின் முனைவரை வந்துவிடும். சிலந்திக்கு உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஆனால் டப்பாவின் வாய் ஏழரை செ.மீ. வட்டம்தான். திராட்சையில் ஒரு நிலா தெரிந்தது, அதைச் சுற்றி இருட்டு. சின்ன விஷயத்துக்குப் போதும், தேரையின் முதுகுக்குப் போதாது. தேரையின் ஒவ்வொரு மருவும் தனித்தனியாக மின்னும்.

மூன்றாவதாக தெர்மக்கோல் தட்டு. 2019 ஜனவரி 1-இல் தமிழ்நாட்டில் தடை வருவதற்கு முன் ஏதோ விசேஷத்துக்கு வாங்கி மிஞ்சியவை பரணில் இருந்தன. ஃபிளாஷை மேல்நோக்கித் திருப்பி, தட்டை அதன் மேல் சாய்வாக நிறுத்தி, வெளிச்சத்தை அதில் மோதவிட்டுக் கீழே இறக்கினேன். திராட்சை அழகாக வந்தது. ஆனால் பாதிக்கு மேல் வெளிச்சம் பக்கவாட்டில் வீணாகப் போகிறது. எஃப் 11-க்கு பவரை 1/2 வரை, அதாவது முழுப் பவரில் பாதிவரை, ஏற்ற வேண்டியிருந்தது. அந்தப் பவரில் இரண்டு தொல்லை. ஒன்று, அடுத்த வெடிப்புக்கு நாலைந்து விநாடி காத்திருக்க வேண்டும். இன்னொன்று, ஃபிளாஷ் எரியும் நேரம் நீண்டுவிடுகிறது. 1/8, 1/16-இல் வெளிச்சம் சட்டென்று வெட்டி முடிவதால் கை நடுக்கம் படத்தில் தெரியாது, தவளையின் தொண்டைத் துடிப்பும் உறைந்துவிடும். 1/2-இல் தொண்டை மங்கலாகத்தான் வந்தது. தூறலில் தட்டு உதிர்ந்து வெள்ளைத் தூள் புல்லில் கொட்ட ஆரம்பித்ததும் அதை மூட்டை கட்டிவிட்டேன்.

இப்போது நிற்பது நாலாவது. ஃபிளாஷிலிருந்து கிளம்பி முன்னால் விரிந்துகொண்டே போகும் ஒரு புனல், அதன் வாயில் இரண்டு அடுக்கு ஃபோம்.

புனலுக்கு ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் கறுப்பு பிளாஸ்டிக் ஃபைல் அட்டை, இரண்டு. மேல் பலகை 24 செ.மீ. நீளம். ஃபிளாஷ் பக்கம் 8 செ.மீ. அகலத்தில் ஆரம்பித்து வாய்ப்பக்கம் 22-ஆக விரியும். கீழ்ப் பலகைக்கும் அதே அகலங்கள், நீளம் மட்டும் 15. மேலே நீளம், கீழே குட்டை என்பதால் வாய் தானாகவே முன்னும் கீழும் பார்த்துச் சாய்கிறது. பக்கப் பலகைகளில் ஃபிளாஷ் ஓரம் 5.5, வாய் ஓரம் 17. கீழ்ப் பலகையின் முன் ஓரத்தில், லென்ஸ் உட்கார 7 செ.மீ. விட்டத்தில் ஆழமில்லாத ஒரு வளைவு. முதலில் காலண்டர் அட்டையில் வெட்டி மாட்டிப் பார்த்துவிட்டு, அதையே அச்சாக வைத்து ஃபைல் அட்டையை வெட்டினேன். உள்பக்கம் முழுக்க சமையலறை அலுமினியத் தாள். அதைக் கசக்கிப் பிரித்து ஒட்டினால் வெளிச்சம் பட்டை பட்டையாக விழாது.

ஒட்டும் வேலைக்கு க்ளூ கன் எடுக்காதீர்கள். இந்த ஃபைல்கள் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக், சாதாரணப் பசை எதுவும் அதில் பிடித்து நிற்காது. மேசையில் கல் போல இருந்தது. காரின் பின்னால் ஒரு மத்தியானம் வெயிலில் கிடந்ததும் நாலு பலகையும் நாலு திசைக்கு வாய் திறந்தன. ஓரங்களை ஒரு செ.மீ. மடக்கி ஸ்டேப்ளர் அடித்து, மேலே துணி டேப் ஒட்டியதுதான் நின்றது. டேப் உரிந்தாலும் ஸ்டேப்ளர் பின் பிடித்துக்கொள்கிறது. ஃபிளாஷோடு இணைக்க வெல்க்ரோ பட்டை.

ஃபோம் விலையில்லை, எலக்ட்ரானிக்ஸ் கடை வாசலில் கேட்டால் தருவார்கள். 2 மி.மீ. தடிமன் போதும். ஒன்று வாயிலிருந்து 4 செ.மீ. உள்ளே, இன்னொன்று வாயில். நடுவே இந்த இடைவெளி கட்டாயம். இரண்டையும் சேர்த்து ஒட்டினால் வெளிச்சம்தான் குறையும், பரவல் கூடாது. இவ்வளவும் செய்த பிறகும் எஃகு குண்டில் வாயின் நடுப்பகுதி பளிச்சென்றும் ஓரங்கள் மங்கியும் தெரிந்தன. உள் அடுக்கின் நடுவில் 5 செ.மீ. வட்டமாக பட்டர் பேப்பர் ஒட்டினேன், கொஞ்சம் தணிந்தது. அதன்மேல் 3 செ.மீ. வட்டமாக இன்னொன்று ஒட்டியதும் நடுவும் ஓரமும் ஒன்றாகிவிட்டன. டிஃப்யூசரில் மிகச் சின்ன வேலை இதுதான், படத்தில் மிகப் பெரிய மாற்றமும் இதனால்தான். இந்த வட்டங்களுக்கு முன்பும் பின்பும் எடுத்த திராட்சைப் படங்களைப் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு கேமரா என்று சொல்வார்கள்.

ஃபோம் வழியாக வரும் வெளிச்சத்தில் லேசான மஞ்சள் ஏறுகிறது. வெள்ளை ஏ4 தாளை ஒரு படம் எடுத்து, எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் கஸ்டம் ஒயிட் பேலன்ஸாக வைத்துவிட்டேன். இலையின் பச்சை அதன் பிறகுதான் பச்சையானது. பவர் 1/8-இல் எஃப் 11 கிடைக்கிறது. டிஃப்யூசருக்கு மட்டும் ஆன செலவு: ஃபைல் 60, துணி டேப் 60, வெல்க்ரோ 40, பட்டர் பேப்பர் 5. ரேநாக்ஸுக்கு ஆறாயிரத்துச் சொச்சம் ஆனது, அது தனிக் கணக்கு.

இருட்டில் ஃபோகஸ் பார்க்க ஒரு சின்ன எல்இடி வேண்டும். புத்தகத்தில் கிளிப் போடும் படிப்பு விளக்கு 250 ரூபாய். அதன் வாயிலும் ஃபோம் துண்டு ஒட்டி, புனலின் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். ஆட்டோ ஃபோகஸ் வேண்டாம். மேனுவலில் வைத்து உடம்பை முன்னும் பின்னும் அசைத்துக் கண் கூர்மையாகும்போது அமுக்குவதுதான் எளிது.

களம், பொள்ளாச்சிப் பக்கம் தெரிந்தவர் ஒருவருடைய தென்னந்தோப்பு. மேலே ஆனைமலைக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது, ராத்திரியில் நடக்கவும் விடமாட்டார்கள். விடாததும் சரிதான். தவளைக்குத் தோப்பே போதும். தண்ணீர்த் தொட்டி, சொட்டுநீர்க் குழாய், மட்டைக் குவியல் என்று அவற்றுக்கு எல்லா வசதியும் இங்கே உண்டு. கொசுவுக்கு மருந்து தடவிய கையோடு எதையும் தொடாதீர்கள். தவளை தோலாலும் மூச்சு விடும் பிராணி, நம் கையில் இருப்பது அதன் உடம்புக்குள் போகும். அந்தக் களிம்புகளில் சில பிளாஸ்டிக்கையும் அரிக்கும், கேமராவின் ரப்பர் பிடி பிசுபிசுத்துவிடும். நான் முழுக்கைச் சட்டையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் முதல் ராத்திரி டார்ச்சோடு வந்து நின்றார். "ஏனுங்க தம்பி, இந்நேரத்துல தொட்டிகிட்ட என்னத்தைங்க தேடறீங்க?" தவளை என்றதும் சிரித்துவிட்டு, "அதுக்கு ஏனுங்க சேத்துல படுத்துட்டு? மோட்டார் ரூமுக்கு வாங்க" என்று கூட்டிப் போனார். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே வரிசையாக மூன்று மரத்தவளைகள் கால்களை மடக்கி ஒட்டிக்கொண்டிருந்தன, பக்கத்திலேயே ஒரு பல்லி. பெட்டிக்குள் பல்லி புகுந்து மோட்டார் நின்றுபோன கதைகளை அவர் சொல்லிக்கொண்டிருக்க, நான் புனலை மாட்டினேன்.

மரத்தவளை இந்த வேலைக்கென்றே பிறந்தது. உட்கார்ந்த இடத்தைவிட்டு அவ்வளவு சீக்கிரம் நகராது. 70 மி.மீ., பன்னிரண்டு செ.மீ. தூரம், முகம் மட்டும். கண்ணின் மேல் பாதியில் புனலின் வாய் மென்மையான வெள்ளைப் பட்டையாக விழுந்தது. அதன் கீழே கண்ணின் பொன்னிறமும் படுக்கைவாட்டமான பாவையும் தெளிவாகத் தெரிந்தன. உதட்டோரத்து ஈரம்கூட வெந்து வெளுக்கவில்லை. தாடைக்கு அடியில் மட்டும் நிழல் கனத்தது. ரேநாக்ஸின் கீழ் ஒரு விசிட்டிங் கார்டு அளவு வெள்ளை அட்டையை நீட்டி ஒட்டினேன், நிழல் பாதியாகக் குறைந்தது. ஒரு தவளைக்கு ஏழெட்டு வெடிப்போடு விட்டுவிடுவேன். அசையாமல் இருக்கட்டும் என்று பிடித்து ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் படங்களில் தவளை உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும்.

தொட்டியின் மேல் தொங்கிய மட்டையில் நுரைக்கூடு ஒன்று இருந்தது. தவளை பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரையாக்கி அதற்குள் முட்டையிடும். வெளிப்பக்கம் காய்ந்து ஓடு மாதிரி ஆகும், உள்ளே ஈரம் காயாது. தலைப்பிரட்டைகள் பிறகு நேராகக் கீழே தண்ணீரில் விழும். வெள்ளை நுரையை ஃபிளாஷில் எடுப்பது தனித் தலைவலி. 1/32-க்கு இறக்கியும் நுரையின் குமிழிகள் தெரியவில்லை. கடைசியில் ஃபிளாஷோடு புனலைக் கழற்றிப் பக்கவாட்டில் கையில் பிடித்திருந்தால் வந்திருக்கும், அதற்கு ஃபிளாஷையும் கேமராவையும் இணைக்கும் கேபிள் வேண்டும், கேபிள் என்னிடம் இல்லை.

அந்தக் கேபிளின் அருமை நன்றாகத் தெரிந்தது பெருந்தவளையிடம். மழை அடித்து வாய்க்கால் ரொம்பியதும் ஆண்கள் எலுமிச்சை மஞ்சளாக நிறம் மாறி, கழுத்தின் இரண்டு பக்கமும் நீலப் பைகளை ஊதிக் கத்த ஆரம்பித்தன. கையளவு பிராணி. ரேநாக்ஸ் உதவாது, கழற்றினால் லென்ஸின் குறைந்தபட்சத் தூரம் 85 செ.மீ. 250-இல் 0.29 மடங்கு, அதாவது 7.7 செ.மீ. அகலம். ஃபிரேமில் தலையும் நீலப் பையும் அழகாக அடங்குகின்றன. ஆனால் அந்தத் தூரத்தில் 22-க்கு 17 வாயுள்ள புனல் என்பது சிப்ஸ் டப்பாவுக்குச் சமம். பழைய வெள்ளைப் புள்ளிகள் மஞ்சள் முதுகில் திரும்பி வந்தன, நீலப் பையில் இன்னும் மோசம். பவரும் 1/2-க்கு ஏறிவிட்டது. இரண்டு தூரங்களுக்கும் ஒரே டிஃப்யூசர் பொருந்தாது. ஃபிளாஷ் தவளையின் பக்கத்தில் இருக்க வேண்டும், கேமராவின் மேல் அல்ல.

பெரியவர் என் எல்இடியைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தைக் காட்டிச் சாக்குச் சாக்காகப் பெருந்தவளை பிடித்து எல்லை தாண்டி அனுப்புவார்கள் என்றார். கண்ணுக்கு நேரே வெளிச்சம் அடித்தால் அப்படியே உறைந்து உட்கார்ந்துவிடுமாம். தவளைக்கால் ஏற்றுமதிக்கு 1987-இல் தடை வந்தது. அவர் சொன்ன உறைதலை நானும் கண்டேன், ஆனால் என் வெளிச்சத்தில் கத்தலும் நின்றுபோகிறது. நீலப் பை ஊதிய படம் வேண்டுமென்றால் எல்இடியை அணைத்து, தூரத்தில் வைத்த டார்ச்சின் கசிவில் ஃபோகஸ் பிடித்துக் காத்திருக்க வேண்டும். மறுபடி கத்த ஆரம்பித்ததும் ஒரு வெடிப்பு, அவ்வளவுதான்.

தென்னைக்கும் தேரைக்கும் உள்ள பழைய வழக்கும் அன்றைக்கு வந்தது. பருப்பில்லாத காயைத் தேரை மோந்த காய் என்பார்கள். குருத்துக்குள் உட்காரும் மரத்தவளைமேல் விழுந்த பழி அது, காய் சொத்தையாவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்று படங்களைக் கேமராத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். "கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார், வழக்கை வாபஸ் வாங்கவில்லை.

பாம்புக்கு ஒரு விதி. ரேநாக்ஸ் மாட்டிய கேமராவோடு எந்தப் பாம்பின் அருகிலும் போவதில்லை. பன்னிரண்டு செ.மீ. என்பது விரியனுக்குத் தூரமே அல்ல. மட்டைக் குவியலில் சுருட்டை விரியனும் இருக்கலாம், கண்ணாடி விரியனும் இருக்கலாம். முழங்கால் ஊன்றுவதற்கு முன் டார்ச் அடித்துக் குச்சியால் தட்டிப் பார்க்காமல் நான் ஊன்றுவதில்லை. கால்வரை மூடிய ஷூ கட்டாயம். பச்சைப் பாம்பை மட்டும் பகலில் 250-இல், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தேன். சாவித் துவாரம் போலப் படுத்திருக்கும் அதன் பாவைக்கு இயல்பான வெளிச்சமே அழகு.

இனி மாற்ற வேண்டியவை. ரேநாக்ஸிலேயே டிசிஆர்-150 என்று ஒன்று உண்டு, 4.8 டயாப்டர். அதில் தூரம் ஏறத்தாழ 20 செ.மீ., 250-இல் 1.2 மடங்கு. தவளைக்கும் ஓணானுக்கும் முதலிலேயே வாங்க வேண்டியது அதுதான், சிலந்தி எடுப்பவர்கள் மட்டும் டிசிஆர்-250-க்குப் போகலாம். புனலின் மேல் பலகை 24 என்பது அதிகம். முன் ஓரம் அடிக்கடி இலையில் இடித்து, இலையோடு தவளையும் குதித்துவிடுகிறது. 21 போதும். மொத்தம் 140 கிராம் இருப்பதால் ஃபிளாஷின் தலை மெல்லத் தொங்குகிறது, இப்போதைக்கு ஒரு ரப்பர் பேண்ட் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிறது.

கேபிள் ஆர்டர் போட்டாயிற்று. ஃபைல் அட்டை ஒன்று மிச்சம் இருக்கிறது, அதில் பெருந்தவளைக்கென்று தனியாக, கையில் பிடிக்கிற மாதிரி 30 செ.மீ. வாயுள்ள தட்டைப் புனல் ஒன்று வெட்டப் போகிறேன். வாய்க்காலில் தண்ணீர் வற்றுவதற்குள் முடிந்தால் சரி.